பிரம்பும் வலையும்: அரிப்புக் கடற்காற்றில் இரண்டு கதிரைகள்

மன்னார் மாவட்டத்தின் அரிப்புக் கடற்கரையில் ஒரு தளபாடம் எத்தனை வருடம் உழைக்கும் என்பதைச் சோளகக் காற்றுத்தான் தீர்மானிக்கிறது. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் அந்தக் காற்று, உப்பையும் மணலையும் சேர்த்தே வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டும். 2020 டிசம்பரில் மன்னார்த் தீவில் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையின் 30 சுழலிகளையும் சுற்றுவது இந்தக் கரையோரக் காற்றுத்தான். பிரித்தானிய இலங்கையின் முதல் ஆளுநர் பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வையிடுவதற்காக 1804 இல் கட்டி முடித்த டொரிக் மாளிகை எங்கள் கடற்கரை மேட்டில் தூண் வேறு சுவர் வேறாக நிற்கிறது. ஆளுநர் மாளிகைக்கே இரங்காத கடல், ஒரு கதிரையின் ஆணிக்கும் சுரைக்கும் இரங்கப் போகிறதா?

எங்கள் வீட்டில் ஒரே அறைக்குள் இரண்டு கதிரைகள் இருக்கின்றன. ஒன்று, கைபிடியுள்ள பிரம்புக் கதிரை. அப்பா அந்தக் காலத்தில் கச்சேரி ஏலத்தில் எடுத்தது. முதிரை மரச் சட்டம். இருக்கையும் முதுகும் பிரம்புப் பின்னல். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து இலங்கையின் கச்சேரிகளிலும் நீதிமன்றங்களிலும் எழுதுவினைஞர்கள் இருந்து வேலை செய்தது இந்தச் சாதிக் கதிரையில்தான். மற்றது, ஹெர்மன் மில்லர் கம்பனியின் ஏரோன். கனடாவில் ஓர் அலுவலகம் கலைக்கப்பட்டபோது கைமாறி, உறவினர் அனுப்பிய சாமான் பெட்டிக்குள் கடல் வழியாக வந்து சேர்ந்தது. புதிதாக வாங்கினால் அமெரிக்காவில் 1,500 டொலருக்கு மேல். இன்றைய நாணய மாற்றில், வரியும் ஏற்றுக்கூலியும் சேராமலே நாலரை இலட்சம் ரூபாயைத் தாண்டும். மகள் வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கெழுதுகிறாள். பகல் முழுக்க அவளுக்குக் கதிரைதான் உலகம். ஆகவே எது சுகம், எது உழைக்கும் என்ற கேள்வி எங்களுக்கு அன்றாடக் கேள்வி.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதலில் தெரிவது வேற்றுமை இல்லை, ஒற்றுமை. இரண்டுமே மெத்தை இல்லாத கதிரைகள். உடம்பின் பாரத்தை இழுத்துக் கட்டிய பின்னல் ஒன்று தாங்குகிறது. பின்னலின் கண்களுக்குள்ளால் காற்றுப் போய்வருகிறது. எங்கள் வெக்கைக்கு இது பெரிய காரியம். ஸ்பொஞ்சு வைத்து றெக்சின் இழுத்த கதிரையில் பங்குனி மாத மத்தியானம் அரை மணி நேரம் இருந்து எழும்பியவருக்கு இதைச் சொல்லி விளங்கவைக்கத் தேவையில்லை.

ஏரோன் பிறந்த கதையும் வெக்கையிலிருந்தே தொடங்குகிறது. அதை வடிவமைத்த பில் ஸ்டம்பும் டொன் சட்விக்கும் 1980களின் பிற்பகுதியில் முதியவர்களுக்கான கதிரையொன்றைச் செய்வதற்கு ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நெடுநேரம் ஒரே இருப்பில் இருக்கும் முதியவர்களுக்கு, மெத்தை சூட்டையும் ஈரத்தையும் பிடித்துவைத்துத் தோலைப் புண்ணாக்குவதைக் கண்டார்கள். மெத்தையே வேண்டாம், நீட்சியுள்ள வலையை இழுத்துக் கட்டலாம் என்ற எண்ணம் அங்கேதான் வேர்விட்டது. முதியோர் கதிரை சந்தைக்கு வரவில்லை. வலை மட்டும் 1994 இல் ஏரோன் என்ற அலுவலகக் கதிரையாக வந்தது. பெலிக்கிள் என்று பெயர் வைத்த அந்த வலை, பொலியெஸ்டர் நூலும் றப்பர் போல் இழுபட்டு மீளும் இழையும் சேர்ந்த நெசவு. 2016 இல் கதிரையைத் திருத்தி வெளியிட்டபோது, வலையை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு இறுக்கம் கொடுத்தார்கள். காற்றுப் போகும் இருக்கையை எங்கள் நாட்டுத் தச்சர்கள் அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே பின்னிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க வலையில் புதிதாக இருந்தது அந்த நீட்சி. பிரம்பு இழுபடாது. புதிதாகப் பின்னிய பிரம்பிருக்கை பலகைக்குக் கிட்டவான இறுக்கத்தோடு இருக்கும். வருடங்கள் போகப்போகத்தான் நடுவில் மெல்லப் பள்ளம் விழுந்து, இருப்பவரின் உடம்புக்கு இணங்கும். ஏரோனின் வலை இருந்த உடனேயே இணங்குகிறது, எழும்பிய உடனே பழையபடி நிமிர்கிறது. பத்து நிமிடம் இருந்து பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது. மகளுக்கு மாத முடிவுக் கணக்கு நாட்களில்தான் தெரியும்.

சுகத்தைப் பொறுத்தவரை ஏரோன் வெல்லும் முக்கியமான இடம் வலையில்லை, அளவு. ஏ, பி, சி என்று மூன்று அளவில் அது வருகிறது. சிறிய உடம்புக்கு ஏ, பெரிய உடம்புக்கு சி. அதற்கு மேல் உயரம், சாய்வின் இறுக்கம், கைபிடி, இடுப்புத் தாங்கி எல்லாம் திருப்பித் திருப்பிச் சரிசெய்யக்கூடியவை. கச்சேரிக் கதிரைக்கு ஒரே அளவு. அந்த அளவும் எங்கள் பெண்களைப் பார்த்து எடுத்த அளவில்லை. எங்கள் கதிரையின் இருக்கை விளிம்பு நிலத்திலிருந்து 18 அங்குலம். அம்மா அதில் இருந்தால் குதிக்கால் நிலத்தில் படாது. முன்விளிம்புச் சட்டம் துடையின் அடிப்பக்கத்தை அழுத்தும். கொஞ்ச நேரத்தில் கால் விறைக்கும். ஆளின் அளவு தெரியாமல் செய்த கதிரை, எவ்வளவு நல்ல மரத்தில் செய்திருந்தாலும் பாதிக் கதிரைதான். கால் எட்டாதவர்களுக்கு ஒரு பலகைத் துண்டை மிதிபலகையாகப் போட்டுக் கொடுப்பதை எந்த அலுவலகமும் செலவாக நினைக்கக் கூடாது.

சாய்வும் அப்படித்தான். 2006 இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீனில், இருக்கும் நிலையிலேயே முதுகெலும்பைப் படம் எடுக்கக்கூடிய எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் ஆட்களை வெவ்வேறு நிலைகளில் இருத்திப் பார்த்தார்கள். 90 பாகையில் நிமிர்ந்து இருப்பதைவிட, 135 பாகையளவில் சாய்ந்து இருக்கும்போது முள்ளந்தண்டின் வட்டத்தட்டுகளுக்கு நெருக்குதல் குறைவு என்று கண்டார்கள். பள்ளிக்கூடத்தில் நிமிர்ந்து இரு, நிமிர்ந்து இரு என்று எங்களை அதட்டிய ஆசிரியர்களுக்கு இந்தச் செய்தி அப்போது கிடைத்திருக்கவில்லை. கச்சேரிக் கதிரை அசையாது. அதன் முதுகு ஏறக்குறைய நேராக நிற்கும். ஏரோன் உடம்போடு சேர்ந்து பின்னே போய் வரும், போன இடத்தில் தாங்கியும் பிடிக்கும். 135 பாகையில் சாய்ந்துகொண்டு விசைப்பலகையில் தட்ட முடியாது என்பது உண்மை. ஆனால் தட்டச்சுக்கு இடையிடையே, ஒரு தொலைபேசி அழைப்பின்போது, ஒரு பத்தியை வாசிக்கும்போது, முதுகை அப்படிப் பின்னே சாய்க்க ஒரு கதிரை இடம் தருவது பெரிய உதவி.

ஏரோன் தோற்கும் இடமும் ஒன்று உண்டு. அதைப் பற்றி விளம்பரப் படங்கள் பேசுவதில்லை. எங்கள் ஆட்கள் கதிரையில் ஏறினால் ஒரு காலையாவது மடிப்பார்கள். சம்மணம் போட்டுக் கணக்கெழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். நிலத்தில் பாய் போட்டு இருந்து வளர்ந்த உடம்பு அது. ஏரோனின் வலை ஒரு கெட்டிச் சட்டத்துக்குள் பூட்டியிருக்கிறது. அந்தச் சட்டத்தின் ஓரம் பக்கங்களில் சற்று மேலெழும்பி நிற்கும். காலை மடித்தால் கணுக்காலும் துடையும் அதில் முட்டும். இருக்கையின் ஆழத்தையும் கூட்டிக் குறைக்க முடியாது. உங்களுக்குச் சரியான அளவுக் கதிரையைத் தெரிந்தெடுத்தால் மட்டுமே சரி. பிரம்புக் கதிரை அகலம்; ஓரங்கள் மட்டம்; மடித்த காலுக்கு மறுப்புச் சொல்லாது. மகள் இரண்டு மணி நேரம் ஏரோனில் வேலை செய்துவிட்டு, தேத்தண்ணியோடு காலை மடித்து இருப்பதற்குப் பிரம்புக் கதிரைக்குத்தான் வருகிறாள்.

கதிரை மட்டும் நல்லதாக இருந்தால் போதுமா என்பதற்கு நல்ல சான்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் அரச வரித் திணைக்களமொன்றின் ஊழியர்களை மூன்று குழுக்களாக வைத்து ஒரு வருடம் ஆராய்ந்து, 2003 இல் மருத்துவ ஆய்விதழொன்றில் முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்குச் சரிசெய்யக்கூடிய உயர்தரக் கதிரையும் அதைப் பாவிக்கும் பயிற்சியும் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்குப் பயிற்சி மட்டும். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. நாள் போகப்போக ஏறும் உடல்நோவு, கதிரையும் பயிற்சியும் சேர்ந்து பெற்ற குழுவில் குறைந்தது. பயிற்சி மட்டும் பெற்ற குழுவில் அப்படி ஒரு பலன் தெரியவில்லை. கதிரைக் கம்பனியொன்றின் பண உதவி அந்த ஆய்வுக்கு இருந்தது என்பதையும் மனதில் வைத்தே வாசிக்க வேண்டும். பயிற்சியில்லாமல் கதிரையை மட்டும் பெற்ற குழு அதில் இருக்கவில்லை. என் கண்ணில் படுவதைச் சொன்னால், விலை கூடிய கதிரையை வாங்கிக் கொடுத்துவிட்டு, அதன் நெம்புகோல் எதற்கு என்று ஒருவரும் காட்டிக்கொடுக்காத அலுவலகங்கள் எங்கள் பக்கம் நிறைய. மூன்று வருடம் அதே உயரத்தில், அதே பூட்டிய சாய்வில், கதிரை கிடக்கும்.

இனி உழைப்புக்கு வருவோம். ஏரோனுக்குக் கம்பனி கொடுக்கும் உத்தரவாதம் 12 வருடம்; மூன்று முறை மாறி இருபத்துநாலு மணி நேரமும் ஆள் இருக்கும் அலுவலகத்துக்கும் அது பொருந்தும். அமெரிக்கத் தளபாட உற்பத்தியாளர் சங்கத்தின் தரச்சோதனையில், 57 கிலோ மூட்டையொன்றை இருக்கையில் ஒரு இலட்சம் தடவை விழுத்திப் பார்க்கிறார்கள். 2000 ஆம் ஆண்டுக்குப் பின் அங்கே கணினி நிறுவனங்கள் வரிசையாக மூடப்பட்டபோது ஏலத்துக்கு வந்த ஏரோன்களில் பல இன்றைக்கும் கைமாறிக் கைமாறிப் பாவனையில் இருக்கின்றன. கட்டுமானத்தில் குறைசொல்ல எனக்கு வழியில்லை.

ஆனால் மூட்டை விழுத்தும் அறையில் உப்புக்காற்று இல்லை. எங்கள் வீட்டு ஏரோனைக் கவிழ்த்துப் பார்த்தால் கதை தெரியும். அலுமினியக் கால்கள் வெள்ளையாகப் பூத்திருக்கின்றன, அவ்வளவுதான். வலை அப்படியே இருக்கிறது. கண்ணாடி நார் கலந்த பிளாஸ்ரிக் சட்டத்திலும் பழுதில்லை. கறள் ஏறியிருப்பது சின்னச் சின்ன இரும்புகளில்: கைபிடியை இறுக்கும் ஆணிகள், சாய்வுப் பொறியின் சுருள்வில், சில்லுகளின் அச்சு. சில்லுக்குள் மணலும் தலைமயிரும் சேர்ந்து இறுகி, ஐந்தில் இரண்டு உருளாமல் இழுபடுகின்றன. உயரத்தைத் தாங்கும் வாயுத் தண்டின் மினுங்கல் பூச்சில் புள்ளி புள்ளியாகக் கறள். அந்தப் பூச்சு உரிந்து தண்டின் அடைப்பு தேய்ந்தால் வாயு கசியும். பிறகு கதிரை உயர்ந்து நிற்காது.

ஊரில் படகு திருத்தும் ஓடாவி ஒருவரிடம் காட்டினேன். அவர் கை படாத மரமும் இயந்திரமும் இந்தக் கரையில் குறைவு. கைபிடி ஆணியைக் கழற்றி உருட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது எங்கட அளவு இல்ல. புரியே வேற. கொழும்பில கேட்டுப் பாருங்கோ, நான் வேற ஆணிய அடிச்சுக் கெடுக்கக் கூடாது” என்றார். கெட்டிக்காரத் தொழிலாளி சொல்லும் சொல் அது. கொழும்பில் கேட்டால் சில உதிரிப்பாகம் உண்டு, சிலதை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டும். வலை கிழிந்தால் வலையை மட்டும் மாற்ற வழியில்லை. சட்டத்தோடு ஒன்றாக வார்த்ததால், இருக்கைச் சட்டம் முழுவதையும் வாங்கிப் பூட்ட வேண்டும். கைமாறிய கதிரைக்குக் கம்பனி உத்தரவாதமும் கூடவருவதில்லை.

பிரம்புக் கதிரை இதற்கு நேரெதிரான வழியில் உழைக்கிறது. அதன் பின்னல் நிச்சயம் அறுகிற பின்னல். அறுந்தால் மாற்றலாம் என்ற எண்ணத்தோடே செய்தது. 2007 இல் போரால் இடம்பெயர்ந்து போனபோது எங்கள் கதிரை கூரை போன வீட்டில் மழையிலும் வெயிலிலும் கிடந்தது. திரும்பி வந்து பார்க்கையில் பிரம்பு முழுக்க உக்கிப்போய் நார் நாராகத் தொங்கியது. மரத்தில் ஒரு பொருத்துக்கூட விடவில்லை. கறையானும் முதிரையைத் தொடவில்லை. இரும்பாணி இல்லாமல், துளைக்குள் நாக்கை இறக்கி மர முளை அடித்த பொருத்து அது. கறள் ஏற அதில் இடமே இல்லை.

அதைத் திரும்பப் பின்னியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சட்டத்தைச் சுற்றி அரை அங்குலத்துக்கு ஒன்றாக ஓட்டைகள். பிரம்பின் வெளித்தோலை ஒரே அகலத்தில் சீவிய இழைகளைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்தார் பின்னுகிறவர். முதலில் முன்பின்னாக ஒரு வரிசை. அதன்மேல் குறுக்கே ஒரு வரிசை. மறுபடி முன்பின், மறுபடி குறுக்கே, இந்தத் தடவை மேலும் கீழுமாகக் கோத்து. பிறகு இரண்டு மூலைவாட்டு வரிசை. ஆறு வரிசையும் முடிந்ததும் எண்கோணக் கண்கள் வரிசையாகத் திறந்தன. ஓட்டைகளில் முளை அடித்து, ஓரத்துக்கு அகலப் பிரம்பு வைத்துக் கட்டினார். ஈரம் காயக் காய இழைகள் இறுகி, மறுநாள் விரலால் சுண்டினால் மத்தளத் தோல் போலச் சத்தம் வந்தது. அவர் சொன்ன பராமரிப்பு இரண்டே வரி: பிள்ளைகளை முழங்கால் ஊன்றி ஏற விடாதேங்கோ, தொய்ந்தால் அடிப்பக்கம் சுடுதண்ணித் துணி ஒத்தி, நிழலில் காயவிடுங்கோ. முழங்கால் ஊன்றினால் பாரம் முழுவதும் நாலைந்து இழையில் இறங்கும். பிரம்பிருக்கைகள் அறுவது பெரும்பாலும் அப்படித்தான். மற்ற எதிரி உளு. காய்ந்த பிரம்புக்குள் புகுந்து மாவாக்கிவிடும். வருடத்துக்கொருமுறை வெயிலில் காட்டித் துடைத்து வைக்க வேண்டும்.

இங்கே ஒரு கவலையையும் சொல்லவேண்டும். பின்னுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கொழும்பு–கண்டி வீதியில் வேவல்தெனியவில் பிரம்புத் தொழில் இன்னும் உயிரோடு இருக்கிறது. மொறட்டுவையில் மரமும் தச்சரும் இருக்கிறார்கள். ஆனால் வடக்கின் கரையோரத்தில் ஒரு கதிரையைப் பின்னக் கொடுப்பதற்கு ஆளைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு அலுவலக நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னும் வேலை, பார்வையற்ற பலருக்கு நெடுங்காலமாக வருமானம் தந்தது. விரல் நுனியால் ஓட்டையையும் இழையையும் தடவிக் கோக்கும் வேலை என்பதால், கண்ணில்லாதவர்கள் அதில் தேர்ந்தவர்களாக விளங்கினார்கள். போர் முடிந்த எங்கள் மாவட்டத்தில் பார்வை இழந்தவர்களும் கை கால் இழந்தவர்களும் எத்தனையோ பேர். இருந்த இடத்திலிருந்து செய்யக்கூடிய, அலுவலகங்கள் தொடர்ந்து கொடுக்கக்கூடிய இந்தத் தொழிலை அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க யாரும் முன்வராதது எனக்கு மனவருத்தம்.

எதை வாங்குவது? நாளுக்கு ஆறு எட்டு மணி நேரம் கணினிக்கு முன்னால் இருக்கிறவருக்கு ஏரோன் வகைக் கதிரையையே சொல்வேன். நாலரை இலட்சத்துக்குப் புதியது தேவையில்லை. நல்ல நிலையிலுள்ள கைமாறிய கதிரை போதும். வாங்குமுன் உங்கள் உடம்புக்கு ஏ, பி, சி எது என்று இருந்து பாருங்கள். கவிழ்த்து வைத்து வாயுத் தண்டையும் சுருள்வில்லையும் பாருங்கள். கடற்கரை வீடென்றால் மாதத்தில் ஒரு நாள் நல்ல தண்ணீர்த் துணியால் உப்பைத் துடைத்து, ஆணிகளுக்கும் அச்சுகளுக்கும் எண்ணெய் விடுங்கள். சில்லுகளைக் கழற்றி மணலைத் தட்டுங்கள். கடலைப் பார்த்த யன்னலோரம் வைக்காதீர்கள்.

பாடசாலை அதிபரின் மேசை, கூட்டுறவுச் சங்கம், கிராம அலுவலர் கந்தோர், கோயில் அலுவலகம் என்று விட்டு விட்டு இருந்து எழும்பும் இடங்களுக்கு மரமும் பிரம்பும் தாராளமாகக் காணும். இங்கே வாங்கிக் குவிக்கிற மலிவுச் சில்லுக்கதிரைகள் இரண்டு மழைக்குள் ஸ்பொஞ்சு பிய்ந்து, தண்டு இறங்கி, அலுவலகப் பின்பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அந்த வகையோடு ஒப்பிட்டால் நான் எழுதிய இரண்டு கதிரைகளுமே பல மடங்கு மேல்.

ஆகையால் எங்கள் முசலிப் பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் பாடசாலைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை தளபாடத்துக்குக் கேள்விப்பத்திரம் கோரும்போது விலைக்குப் பக்கத்தில் இரண்டு நிபந்தனைகளைச் சேருங்கள். உதிரிப்பாகமும் திருத்தமும் மன்னாரிலேயே கிடைக்க வேண்டும். உங்கள் அலுவலகத்தில் ஆகக் குள்ளமான ஊழியரின் கால் நிலத்தில் படும் உயரம் இருக்க வேண்டும். பழைய பிரம்புக் கதிரைகள் களஞ்சியத்தில் கிடந்தால் அவற்றை ஏலத்தில் தள்ளாமல் பின்னக் கொடுங்கள்.